எந்த எலி?

பழைய தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து மூஞ்சூறு என்ற சொல்லைத் தேடினால் எதிரே மஸ்க்ராட் என்று எழுதியிருப்பதைக் காணலாம். பாதிரிமார் அகராதி தொகுத்த காலத்து வழக்கு இது. அதை அப்படியே திருப்பிப் போட்டு, ஆங்கிலத்தில் மஸ்க்ராட் என்று எங்கே கண்டாலும் மூஞ்சூறு என்று எழுதிவிட்டு மேலே சென்றுவிடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் படிந்துவிட்டது. மூலக்கதை சென்னையில் நடப்பதாயின் பாதகமில்லை. கனடாவின் உறைந்த ஏரியொன்றில் நடப்பதாயின் என்ன ஆகும்? அடுக்களையில் வெல்லப் பானையின் பின்னே ஒண்டியிருக்கவேண்டிய பிராணி, பனிக்கட்டிக்கு அடியில் மூச்சடக்கி நீந்தத் தொடங்கிவிடும்.

வட அமெரிக்க மஸ்க்ராட் ஒரு கொறிவிலங்கு. ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். வால், நீந்துவதற்கென்றே பக்கவாட்டில் நசுக்கிவிட்டாற்போலத் தட்டையாய், செதில் படிந்திருக்கும். கால் மணி நேரம் வரை நீருக்குள் மூழ்கியிருக்க வல்லது. சம்பங்கோரையையும் சேற்றையும் குவித்து நீர் நடுவே கவிழ்த்த கூடை போல வீடு கட்டும். வீட்டின் வாயில் நீர்மட்டத்துக்குக் கீழே. மென்மயிர்த் தோலுக்காக மனிதர் அதை விடாமல் பிடித்தனர். அந்தத் தோலாசையினாலேயே 1905இல் பிராகு நகரத்துக்கு அருகே தோப்ரீஷ் என்ற இடத்தில் ஒரு பிரபு தம் பண்ணைக் குளத்தில் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவற்றின் வழித்தோன்றல்கள் ஐரோப்பாவில் பரவி, நெதர்லாந்தின் வெள்ளத்தடுப்புக் கரைகளை வளை தோண்டித் துளைக்கின்றன. அவற்றைப் பிடிப்பதற்கென்றே அங்கே சம்பளம் பெறும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நம் மூஞ்சூறு பெரும்பாலும் நூறு கிராமைத் தாண்டாது. நீரை நாடாது. முக்கியமாக, அது எலியே அன்று. எலிக்கு இருப்பது போல் வளர்ந்துகொண்டேயிருக்கும் உளிப்பற்கள் அதற்குக் கிடையா. ஊசி முனைகள் போன்ற பற்கள்தாம். கரப்பான், புழு, பூச்சி என்று தேடித் தின்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. (முள்ளெலியும் அதே கூட்டம், அதற்கும் எலிப் பெயர் ஒட்டியிருப்பது வேறு கதை.) பாலூட்டிகளின் வம்சாவளியைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். எலி மூஞ்சூற்றுக்கு இருக்கும் நெருக்கத்தைவிட மனிதனுக்கு நெருக்கமான உறவு. மூஞ்சூற்றின் பங்காளிகள் வௌவாலும் பசுவும் பூனையும் இருக்கும் கிளையில் இருக்கிறார்கள். எலியால் வாந்தியெடுக்க முடியாது, மூஞ்சூற்றால் முடியும். இந்த ஒரு வேறுபாட்டினால் வாந்தியைத் தடுக்கும் மருந்துகளை ஆராய்வோர் 1980களிலிருந்து மூஞ்சூற்றை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றனர்.

இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு பிராணிகள் ஒரே பெயரின் கீழ் எப்படி வந்தன? இரண்டுக்கும் உடலில் நாற்றச் சுரப்பி உண்டு; ஒன்றுக்கு வாலடியில், மற்றொன்றுக்கு விலாவில். இதற்கு மேல் ஒற்றுமை இல்லை. ஆனால் பெயரின் வரலாறு நாற்றத்தோடு முடிவதுமில்லை.

1612இல் வெளிவந்த வர்ஜினியா பற்றிய நூலில் ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர், அந்நிலத்துப் பழங்குடிகள் இவ்விலங்குக்கு வழங்கிய பெயரை மஸ்ஸாஸ்கஸ் என்பது போன்ற ஒலியில் எழுதிவைத்தார். நீரெலியின் உருவம், கத்தூரியின் கடுமணம் என்று குறிப்பும் தந்தார். அல்கோன்கியன் குடும்பத்து மொழிகள் பலவற்றில் இச்சொல்லுக்கு உறவுகள் உள்ளன; வடக்கே அது மஸ்க்வாஷ் என்று ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்து குடியேறியவர்களின் காதுக்கு அந்த ஓசை பொருளற்றது. மஸ்க் என்றால் கத்தூரி என்று அவர்களுக்குத் தெரியும். ராட் என்றால் எலி என்றும் தெரியும். தெரியாத சொல்லைத் தெரிந்த இரண்டு சொற்களாக உடைத்துக்கொண்டார்கள். பழங்குடிச் சொல் ஆங்கிலச் சொல்லாய்விட்டது. அதற்குள் வேறொரு மொழி புதைந்திருப்பதை இன்று அதை உச்சரிப்பவர் உணர்வதில்லை.

இதில் ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நாம் வாழும் செய்யூரே இதற்கு அருகான எடுத்துக்காட்டு. இலக்கியங்கள் இவ்வூரைச் சேயூர் என்கின்றன. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பாடியது சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ். சேய் என்றால் முருகன். கந்தசாமி கோயில் இன்றும் ஊர் நடுவே இருக்கிறது. ஆனால் செய்யூர் என்று வழங்கத் தொடங்கியபின், நன்செய் புன்செய் என்று சொல்லிப் பழகிய நாவுக்கு அது வயலூர் ஆகிவிட்டது. முதலாண்டு மாணவரிடம் ஊர்ப்பெயரின் பொருள் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் வயல் என்பார்கள். உப்பளமும் கழிமுகமும் சூழ்ந்த ஊருக்கு வயல் எப்படிப் பெயராயிற்று என்று யாரும் கேட்பதில்லை. வடக்கே சிறிது தூரம் கடற்கரையோரமாகப் போனால் மாமல்லனின் ஊர் மகாபலியின் ஊராக மாறி வெகுகாலம் வழங்கிய கதை. காதுக்குப் பழகிய சொல் வந்து பழகாத சொல்லை விழுங்கிவிடுவது எல்லா மொழியிலும் நடப்பதுதான்.

மஸ்க் என்ற சொல்லின் பயணம் இன்னும் சுவையானது. ஆங்கிலத்துக்கு அது இலத்தீன் வழியாக வந்தது, இலத்தீனுக்குக் கிரேக்கம் வழியாக, கிரேக்கத்துக்குப் பாரசீகத்திலிருந்து. பாரசீகச் சொல்லின் வேர் வடமொழி முஷ்கம் என்பது சொற்பிறப்பாளர் பெரும்பாலோர் கொள்கை. முஷ்கம் என்றால் விதைப்பை. கத்தூரி மானின் சுரப்பி பார்வைக்கு அப்படி இருந்ததனால் அந்தப் பெயர். அந்த முஷ்கமோ எலியைக் குறிக்கும் மூஷ் என்ற சொல்லின் குறுக்கம், அதாவது ‘சிற்றெலி’. ஆக மஸ்க்ராட் என்பதைப் பிளந்து பார்த்தால் எலியெலி என்று வருகிறது. நம்மூரில் கேட்டு வாசல் என்கிறோமே, அது போல. நம் பிள்ளையார் ஏறும் மூஷிகத்துக்கும் அதே வேர். இந்தியாவிலிருந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட எலி, பாரசீகம், கிரேக்கம், உரோமாபுரி, இலண்டன் என்று சுற்றி, வர்ஜினியாவில் ஒரு பழங்குடிச் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, பிறகு கம்பெனிக் கப்பலில் திரும்பி வந்து நம் அடுக்களை மூஞ்சூற்றின் மேல் இறங்கியிருக்கிறது.

திரும்பி வந்ததற்குச் சாட்சி யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்–ஜாப்ஸன். பர்னெல் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சாகும் முன் 1882இலேயே காலமானார். அவ்வகராதியில் மஸ்க்ராட் என்ற தலைப்பின் கீழ் வருவது அமெரிக்க விலங்கு அன்று, நம் மூஞ்சூறுதான். நிலவறையில் அடுக்கிய பீர்ப் புட்டிகளின் மேல் மூஞ்சூறு ஓடினாலே உள்ளிருக்கும் பீரில் நாற்றம் ஏறிவிடும் என்று வெள்ளைக்காரர் நம்பியதை அந்நூல் சொல்கிறது. இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி 1867இல் எழுதிய ஜெர்டன் இதை ஏற்கவில்லை. புட்டியில் அடைக்கும் முன்பே தக்கையில் நாற்றம் பிடித்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். பீரைக் குடித்தவர்கள் என்ன சொன்னார்களோ, மூஞ்சூற்றின் பேரில் ஒரு பழி நிலைத்தது. கிப்ளிங்கின் 1894ஆம் ஆண்டு நூலில் கீரிப்பிள்ளைக் கதையில் வரும் சுசுந்த்ராவும் இதே ‘மஸ்க்ராட்’. சுசுந்தர் என்பது இந்திச் சொல். சுவரோரமாகவே ஊர்ந்து, அறை நடுவே வர அஞ்சி அழும் பாத்திரமாக அதைப் படைத்திருக்கிறார். பெயர் பொருந்தாவிட்டாலும் பார்வை பொருந்தியிருக்கிறது. மூஞ்சூறு சுவரை விட்டு விலகாது.

விலங்கியலாரும் பெயரில் தடுமாறாமலில்லை. லின்னேயஸ் தம் பெருநூலின் பன்னிரண்டாம் பதிப்பில், 1766இல், இவ்விரண்டுக்கும் இலத்தீன் பெயர் சூட்டினார். மூஞ்சூற்றுக்கு முரினஸ், அதாவது எலியைப் போன்றது. அமெரிக்க விலங்கைப் பீவரின் கூட்டத்தில் வைத்துப் புனுகு மணமுடையது என்ற பொருளில் ஸிபெதிகஸ் என்றார். பிற்பாடு பீவரிடமிருந்து அதைப் பிரித்தவர்கள் தந்த இனப்பெயர் ஒண்டாட்ரா. இது அமெரிக்க வடகிழக்கின் வெண்டாட் மக்கள் அவ்விலங்குக்கு வழங்கிய சொல். ஆங்கிலத்தில் அழிந்த பழங்குடிப் பெயர் இலத்தீனில் பிழைத்துக்கொண்டது என்றே சொல்லலாம்.

நம் கடற்கரையிலிருந்து எதிர்த்திசையில் போன பெயர்களும் உண்டு. தெலுங்கில் பெருச்சாளியைப் பந்திகொக்கு என்பார்கள். பன்றியெலி என்று பொருள். அது ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆயிற்று. ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அங்கே கூர்மூக்கோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த, வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் ஒரு பிராணியைக் கண்டு அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். இன்று உலகம் பாண்டிகூட் என்றால் ஆஸ்திரேலியாவைத்தான் நினைக்கிறது. நம் மீனவரின் கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆகி, கட்டுமரத்தோடு ஒரு கட்டுக்கும் தொடர்பில்லாத இரட்டை உடல் சொகுசுப் படகுக்குப் பெயராயிற்று. முதலியார்குப்பம் படகுத்துறையில் உல்லாசப் படகுக்குக் காத்திருக்கும் நகரத்துப் பிள்ளைகளிடம் கட்டமரான் தமிழ்ச்சொல் என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மூஞ்சூறு என்ற பெயரையும் கவனிக்க வேண்டும். முதல் பாதி வெளிப்படை: மூஞ்சி. மூஞ்செலி என்றும் வழக்குண்டு. நீண்டு, ஓயாமல் அசைந்து, காற்றைத் துழாவிக்கொண்டிருக்கும் அந்த மூக்கைக் கண்டு வைத்த பெயர். ஆங்கிலேயர் நாற்றத்தை முகர்ந்து பெயரிட்டனர். சீனர் அதன் குரலைக் கேட்டனர். காசு குலுங்குவது போலிருந்ததால் காசெலி என்று பெயரிட்டு, வீட்டுக்குள் வந்தால் செல்வம் என்றனர். இந்திக்காரர், மூஞ்சூற்றின் தலையில் மல்லிகைத் தைலமா என்று தகுதியில்லாதவரைக் கேலி செய்வர். நம் பழமொழி சற்று இரக்கமானது: தான் போகவே வழியில்லாத மூஞ்சூறு விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டு போயிற்றாம். இப்பழமொழியைச் சொன்னவர் மூஞ்சூற்றை நன்றாகப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். தாய் மூஞ்சூறு இடம் பெயரும்போது, ஒரு குட்டி தாயின் வாலடியைக் கவ்வ, அடுத்தது அதன் வாலடியைக் கவ்வ, சங்கிலியாய் ஒரே உடம்பு போல வளைந்து நெளிந்து செல்லும். விளக்குமாறு அந்தச் சங்கிலியிலிருந்து பிறந்ததோ என்று நமக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது, ஆனால் விட மனமில்லை.

இத்தனையும் சொல்லக் காரணம் ஒரு விடைத்தாள்.

நாம் பணியாற்றும் கல்லூரியில் மொழிபெயர்ப்புத் தாளுக்கான அகத்தேர்வு ஒன்றில் வட அமெரிக்கச் சதுப்புநிலம் பற்றிய ஓர் ஆங்கிலப் பத்தி கேட்கப்பட்டது. அதில் மஸ்க்ராட் வந்தது. விடைக்குறிப்பு அகராதியைப் பின்பற்றி மூஞ்சூறு என்றது. மாணவர் பலரும் அப்படியே எழுதியிருந்தனர். சிலர் கத்தூரி எலி. ஒருவர், என்ன நினைத்தாரோ, கத்தூரிமான். செய்யூர்ப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வரும் ஒரு மாணவர் மட்டும் மஸ்க்ராட் என்றே தமிழெழுத்தில் எழுதிவிட்டுக் கீழே குறிப்புச் சேர்த்திருந்தார். இது தண்ணீரில் வீடு கட்டுகிறது, ஆகவே மூஞ்சூறு அன்று. மூஞ்சூறு எலியும் அன்று. எலி கொறிக்கும், மூஞ்சூறு கடிக்கும். எலியை வளையிலிருந்து தோண்டி எடுக்கலாம், மூஞ்சூற்றை யாரும் எடுக்க மாட்டார்கள், நாயும் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடும். நான்கு வரி. மொழிபெயர்ப்புத் தாளில் இப்படியொரு குறிப்பை நாம் அதுவரை கண்டதில்லை. விடைக்குறிப்பின்படி அவருக்கு அந்த மதிப்பெண் கிடையாது. துறையில் சிறு விவாதம் நடந்தது. அகராதியில் உள்ளதை மறுக்க மாணவர் யார் என்பது ஒரு கட்சி. அகராதி எழுதியவர் எத்தனை வளை தோண்டியிருப்பார் என்பது நம் கட்சி. மதிப்பெண் கொடுக்கப்பட்டது. அது பெரிய செய்தியன்று.

அம்மாணவர் இருளர். செங்கல்பட்டு மாவட்டத்து வயல்களில் எலி பிடிப்பதில் அம்மக்களின் திறம் பலர் எழுதி அறிந்தது. மண்பானையில் புகை மூட்டி வளைக்குள் ஊதுவது, வளையின் வாயைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது, எலி திருடிச் சேர்த்துவைத்த நெற்கதிரை வளையிலிருந்து மீட்பது எல்லாம் அந்தத் திறத்தில் அடங்கும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வணிகம் நின்றபின் அவர்களின் பிழைப்பு ஆடிப்போனது. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்சு எடுத்துக்கொண்டு திரும்ப விடும் தொழில் பிறந்தது. நம் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அங்கிருந்து நஞ்சு போகிறது. 2021இல் ஜெய் பீம் படம் வந்தபின் இருளர் என்றால் எலி என்று தெரிந்துகொண்டவர் தொகை பெருகியது. தெரிந்துகொண்டது அவ்வளவே என்பதுதான் வருத்தம். கல்லூரி விடுதியில் அந்த மாணவருக்கு அந்த ஆண்டு என்ன பட்டப்பெயர் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாண்டுகளில்தான் வேறொன்றும் நடந்தது. 2017இல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர் இருவர், மாசி சடையன், வடிவேல் கோபால், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே சதுப்புக் காடுகளில் பெருகி மற்ற விலங்குகளை விழுங்கிக்கொண்டிருந்த பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்நாட்டு வல்லுநர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போன முதல் இரண்டு வாரங்களுக்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தனர். அதில் ஒன்று பதினாறடிப் பெண்பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அந்தப் பாம்புகளின் வயிற்றில் அகப்படும் புளோரிடாப் பிராணிகளில் ஒன்றுக்கு உருண்டைவால் மஸ்க்ராட் என்று பெயர். உண்மையான மஸ்க்ராட் புளோரிடாவில் இல்லை. இது வேறு இனம். சாயல் இருந்ததால் அங்கும் பெயரை இரவல் கொடுத்துவிட்டார்கள். இப்படியாக ஒரே பெயருக்கு மூன்றாவது பிராணி. நம் இருவரும் அதைக் கண்டிருந்தால் என்னவென்று அழைத்திருப்பார்கள் என்று நாம் பலமுறை யோசித்திருக்கிறோம். நிச்சயம் மூஞ்சூறு என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

ஒண்டாட்ரா என்ற சொல்லைத் தந்த வெண்டாட் மக்களைப் பற்றி ஒரு செய்தி. வெண்டாட் என்பது அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர். பிரெஞ்சுக்காரர் அவர்களை ஹ்யூரான் என்றனர். பிரெஞ்சில் காட்டுப்பன்றியின் சிலிர்த்த தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததென்பார்கள். முரடர், காட்டான் என்பதே உட்பொருள். வரைபடத்தில், ஏரியின் பெயரில், வரலாற்று நூல்களில் அந்தப் பட்டப்பெயரே நின்றது. அவர்களின் மொழி பேச்சிலிருந்து மறைந்தபின், பாதிரிமார் எழுதிவைத்த கையெழுத்து அகராதிகளிலிருந்து வழித்தோன்றல்கள் அதை இன்று மீட்டுவருகிறார்கள். அகராதிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர்களுக்கு மேற்கே வாழும் அனிஷினாபே மக்கள் சொல்லும் உலகத் தோற்றக் கதையில் மஸ்க்ராட்டுக்குத்தான் முதலிடம். எங்கும் நீர் சூழ்ந்தபோது, அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவரப் பெரிய பிராணிகள் ஒவ்வொன்றாய் மூழ்கித் தோற்கின்றன. கடைசியில் எவரும் மதியாத மஸ்க்ராட் மூழ்குகிறது. வெகுநேரம் கழித்து அதன் உடல் மேலே மிதக்கிறது; உயிரில்லை; மூடிய கைக்குள் சிறிது மண். அந்த மண் ஆமையின் முதுகில் பரப்பப்பட்டு நிலமாகிறது. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் பூமிதேவியைத் தூக்கி நிற்கும் பன்றியின் முன் நிற்கும்போதெல்லாம் நமக்கு இந்தக் கதை நினைவுக்கு வருகிறது. நம் கதையில் தூக்குவது கடவுள், பயமில்லை. அங்கே தூக்குவது ஒரு கிலோ எடையுள்ள பிராணி. தூக்கியபின் அது இல்லை. எந்தக் கதை உயர்ந்தது என்று கேட்டால் நாம் பதில் சொல்ல மாட்டோம், ஆனால் எதை வகுப்பில் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

அதே மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பெரும்பாறைச் சிற்பத்தில், தவம் செய்யும் பூனையும் அதன் காலடியில் எலிகளும் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு எலி தெரிந்திருக்கிறது. சிற்பத்தைக் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றபோது அந்த இருளர் மாணவர் குனிந்து பார்த்துவிட்டு, “இது எலிதான் ஐயா, மூஞ்சூறு இல்லை” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று திரும்பும் வழியில்தான் பழங்குடிச் சான்றிதழ் பற்றிச் சொன்னார்.

அவருக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. பொதுப்பிரிவில் சேர்ந்து படிக்கிறார். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் அளவில் விசாரித்து வழங்கப்படுவது. பெற்றோரிடம் சான்று இருந்தால் பிள்ளைக்கு எளிது. பெற்றோரிடமும் இல்லாத குடும்பங்கள் இருளரில் ஏராளம். விசாரணைக்கு வந்த அலுவலர் ஒருவர் அவர் தந்தையைப் பார்த்து, இருளர் என்கிறாயே, எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டாராம். ஐம்பது வயது தாண்டிய மனிதர். செங்கல் சூளையில் வேலை. மகன் பக்கத்தில் நின்றிருக்கிறார். தந்தை சிறிது யோசித்துவிட்டு, “எந்த எலிங்க?” என்று கேட்டிருக்கிறார்.

அவருக்கு அது இயல்பான கேள்வி. வெள்ளெலிக்கு ஒரு விதமாய் வளை தோண்ட வேண்டும், வரப்பெலிக்கு வேறு விதம், பெருச்சாளிக்கு இன்னொரு விதம். எல்லாவற்றுக்கும் வளையின் வாய் வேறு, மண் குவியும் அழகு வேறு, தப்பியோடும் பின்வழி வேறு. எது என்று தெரியாமல் தெரியும் என்றோ தெரியாது என்றோ எப்படிச் சொல்வது? அலுவலருக்கு அது எதிர்க்கேள்வியாகப் பட்டது. கோப்பு திரும்பியது. எலி பிடித்தால்தான் இருளரா, எலி பிடிக்காத வேலைக்குப் போகத்தானே பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள் என்று நாம் கேட்கலாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். துறையிலிருந்து ஒரு கடிதம், ஊர்ப் பெரியவர்கள் சிலரின் ஒப்பத்தோடு ஒரு மனு, இரண்டும் போயிருக்கின்றன.

மாணவர் இப்போது மூன்றாமாண்டில் இருக்கிறார். தந்தை சொல்லச் சொல்ல எலிப் பெயர்களையும் வளைக் குறிகளையும் நீளநோட்டு ஒன்றில் எழுதிவருகிறார். ஆய்வேட்டுக்கு உதவும் என்று நாம் சொன்னதனால் தொடங்கியது. இப்போது நாம் சொல்லாமலே வளர்கிறது. சென்ற வாரம் கொண்டுவந்து காட்டினார். நாற்பது பக்கத்துக்கு மேல் வந்திருக்கிறது. மூஞ்சூறு எங்கே என்று கேட்டோம். எலி நோட்டில் அது எதற்கு ஐயா என்று சொல்லிவிட்டு, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை இந்த ஆண்டும் தள்ளிவைப்பார்களா என்று விசாரித்தார்.